நாற்பதாயிரம் உராய்வு

க்டினியாவில் பிப்ரவரி என்றால்
துறைமுகத்து உப்பும் நடைபாதைச் சேறும்
காலணியோடு வீட்டுக்குள் வந்துவிடும்.
எங்களிடம் இருந்ததோ
பிள்ளை இல்லாத காலத்தில் வாங்கிய
பால்நிற லினன் சோபா.
கோஸ்மா வந்து ஐந்து வாரம்.
ஒருநாளும் அதில் உட்கார்ந்ததில்லை.
அதன் காலருகே தரையில் அமர்ந்து
முதுகைக்கூடச் சாய்க்காமல்
தொலைக்காட்சி பார்ப்பான்.
ஏன் என்று கேட்டதற்கு
'வெள்ளையா இருக்கு' என்றான்.
அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமையே
மூவரும் ஹல்ஷ்காவின் கடைக்குப் போனோம்.

இரும்பு வளையத்தில் சாவிக்கொத்துப் போல
துணித் துண்டுகள்.
வெல்வெட் வேண்டாம், என்றாள் ஹல்ஷ்கா,
கை வைத்தால் அந்தக் கை அப்படியே நிற்கும்.
தோல் துடைக்கச் சுலபம்,
ஆனால் பேனா மூடி ஒன்று போதும் அதற்கு.
தளர்ந்த நெசவில் பொம்மைக் காரின் அச்சு மாட்டும்;
ஒரு நூல் வந்தால் ஊர் முழுக்க வரும்.
நெருக்கமாய் நெய்தது பாருங்கள்,
இரண்டு நிறம் கலந்தது,
உறையைக் கழற்ற ஜிப் இருக்கிறதா,
நாற்பது டிகிரியில் துவைக்கலாமா.
பீட்ரூட் சூப் கொட்டினால்
தேய்க்கக் கூடாது, ஒற்றியெடுக்கணும்,
ஓரத்திலிருந்து நடுவுக்கு.

வித்தோல்ட் விலைச்சீட்டைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கோஸ்மா கோட்டுப் பைக்குள்
இரண்டு கைகளையும் விட்டபடி நின்றான்.
கடைகளில் அப்படித்தான் நிற்பான்.

கடுகு நிறத்தில் ஒன்று எனக்குப் பிடித்தது.
'நாற்பதாயிரம்' என்றாள் ஹல்ஷ்கா.
விலையோ என்று திடுக்கிட்டேன்.
இல்லை, உராய்வு.
சோதனைச்சாலையில் ஓர் எந்திரம்
கம்பளித் துணியை அழுத்தி வைத்துச்
சுழற்றிச் சுழற்றித் தேய்க்குமாம்,
நூல் அறும்வரை எண்ணுமாம்.
'வீட்டுக்கு இது தாராளம்.'

பைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது.
மேசைமேல் கிடந்த கால்குலேட்டரைக்
கேட்காமல் எடுத்தான்.
எங்களிடம் வந்தபின்
கேட்காமல் அவன் எடுத்த முதல் பொருள்.
உதடு அசைய அசைய அழுத்தினான்.
'ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை உட்கார்ந்தா
ஒன்பது வருஷம் வரும்.
எனக்குப் பதினெட்டு ஆகும்.
சரியா இருக்கு.'

பதினெட்டு என்பது
அவனுக்கு யாரோ சொல்லிவைத்த எண்.
அலுவலகத்தில் அவன் கோப்பின்
முதல் பக்கத்திலும் அது இருக்கிறது.
அதுவரைக்கும்தான் எங்கள் கையெழுத்து செல்லும்.

உராய்வும் உட்காருவதும் ஒன்றல்ல என்று
ஹல்ஷ்கா வாயெடுத்தாள்.
வித்தோல்ட் அவள் பக்கம் திரும்பி
இருமினார், நன்றாகவே இருமினார்.
'லட்சத்தில் ஏதாவது இருக்கா?' என்றேன்.

இருந்தது.
பேருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நெய்வதாம்.
அழகில்லை. ஈரச் சாம்பலின் நிறம்,
தொட்டால் மாவுச் சாக்கு.
மீட்டருக்கு இருமடங்கு விலை;
கோடைப் பயணத்துக்குச் சேர்த்த காசில்
கை வைத்தோம்.
கோஸ்மா மறுபடி அழுத்தினான்.
முப்பத்தொன்று.
எண்ணைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான்,
அழித்துவிட்டு இன்னொரு முறை போட்டான்.
முப்பத்தொன்றுதான்.

மார்ச் நடுவில் புது உறை வந்தது.
முதல் நாள் மாலை
நோட்டில் கோடு கிழித்துக் கிழித்துப்
பதினான்கு தடவை உட்கார்ந்தான்.
மறுநாள் ஆறு.
அதற்கடுத்த நாள்
நின்றபடியே கார்ட்டூன் பார்த்தான்.
'தீர்ந்திடும்ல' என்றான்.

என்ன சொல்வது.
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
எழுந்தேன். உட்கார்ந்தேன். எழுந்தேன்.
இடுப்பில் ஏப்ரன், கையில் சூப் கரண்டி,
மூச்சு வாங்க இருபது தடவை.
சிவப்பாய் ஒரு சொட்டு விழுந்தது.
அவன் முதலில் என் முகத்தைப் பார்த்தான்.
பிறகு ஓடிப்போய்த் துணி கொண்டுவந்து
ஒற்றினான், ஓரத்திலிருந்து நடுவுக்கு.
'இருபது போச்சு' என்றான் கடுப்பாக.
'என் பேரில் எழுது' என்றேன்.

நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் திறந்தான்.
பேர் எழுதும் இடத்தில்
பென்சில் கொஞ்சம் நின்றது.
அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.